பெரிய பர்னரில் சின்ன ஜெட்

இப்போதெல்லாம் யாரைக் கேட்டாலும் பத்தே நிமிடம் என்கிறார்கள். முடி வெட்டுகிறவன் பத்து நிமிடம் என்கிறான். பல் பிடுங்குகிறவரும் பத்து நிமிடம் என்கிறார். போன வருடம் என் அண்ணன் பேத்திக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், நாங்கள் கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் பேசி முடித்து எழுந்துவிட்டார்கள். இப்படி மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் எந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. நின்று பதில் சொல்லவும் அவர்களுக்கு நேரம் கிடையாது.

நான் கேஸ் அடுப்பு பழுது பார்த்துப் பிழைத்தவன். நாற்பது வருடம். ஓர் அடுப்பைப் பிரித்து, பர்னரைக் கழுவி, ஜெட்டில் ஊசி விட்டு, திரும்பப் பூட்டி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து எழுந்திருக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன எவனையும் நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

அதனால் என் மாப்பிள்ளை, "பத்து நிமிஷத்துல காய் வதக்கிக் காட்டணும் மாமா, வெள்ளிக்கிழமை டெஸ்டு" என்று சொன்னபோது, "ம்" என்று மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை என்றால் மரியாதையாகப் பேச வேண்டும். மரியாதையாகப் பேச ஒன்றும் தோன்றாவிட்டால் "ம்" போதும்.

மாப்பிள்ளை அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மெஷினில் பதினேழு வருடம் நின்றவர். அங்கே அவரை ஸ்கேல் என்று கூப்பிடுவார்களாம். நாலு மாதத்துக்கு முன்பு அச்சகத்தை மூடிவிட்டார்கள். என் மகள் செருப்புக் கம்பெனியில் தைக்கிறாள். காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுக்கு வருவாள். நான் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இவர்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பகல் முழுக்க அந்த இரண்டாம் மாடி வீட்டில் நானும் மாப்பிள்ளையும்தான். ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு, மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு.

அப்போதுதான் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. நர்சுகளும் வார்டு ஆட்களும் சாப்பிடுகிற இடம். அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம்தான். அதனால் கேட்டவுடன் காயைச் சுடச்சுட வதக்கித் தட்டில் போட ஒரு ஆள் வேண்டுமாம். காய் வெந்திருக்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். கேன்டீன் மேனேஜரம்மா பக்கத்தில் நின்று பார்ப்பாராம்.

அது கிடைக்காவிட்டால் சனிக்கிழமை காலை பஸ். எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை. அங்கேயே தங்க வேண்டும். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வரலாம். கிடங்குக்காரர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்.

இதை என்னிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. சமையலறையில் இரண்டு பேரும் பேசியது கூடத்தில் இருந்த என் காதில் விழுந்தது.

"மாசம் ஒரு தடவையா? நீங்க போய்ட்டா நான் யார்கூடச் சண்டை போடுறது?"

"அதான் உங்கப்பா இருக்காரே."

"அவர்கூடவா? அவர் 'ம்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துப்பார். சுவத்தோட சண்டை போடலாம், அது தேவல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மகள் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வெங்காயம் நறுக்குகிற நேரம் அது இல்லை.

இனி, நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

நான் வந்த முதல் வாரம் மாப்பிள்ளை ஒரு நாள் முட்டை பொரித்தார். வெறும் இரும்புச் சட்டியை முழுத் தீயில் வைத்துவிட்டுப் புகை வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. பல வருடத்துக்கு முன்னால் நான் பழுது பார்த்த ஓர் அடுப்பில் அந்த வீட்டம்மா துணியோடு சேர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். என் வேலையில் தப்பில்லை. ஆனால் அந்தக் கையை நான் பார்த்தேன். அதிலிருந்து அடுத்தவர் கையில் பெரிய தீ இருந்தால் எனக்குப் பிடிக்காது. அதுவும் என் மகள் இருக்கிற வீட்டில்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது என் டூல்ஸ் பையைத் திறந்தேன். பர்னருக்கு அடியில் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு இருக்கும். நடுவில் ஊசி முனையளவு ஓட்டை. கேஸ் அதன் வழியாகத்தான் வரும். ஓட்டை எவ்வளவோ தீ அவ்வளவு. பெரிய பர்னரின் ஜெட்டைக் கழற்றிவிட்டு, சின்ன பர்னருக்குப் போடுகிற ஜெட் ஒன்றை அதில் பூட்டினேன். கழற்றியதைக் காலி மாத்திரைப் புட்டியில் போட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து மகள் கேட்டாள். "அப்பா, அடுப்பு முன்ன மாதிரி எரியலப்பா. கொஞ்சம் பாரேன்."

நான் குனிந்து பார்த்தேன். திருகை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினேன். "அடுப்பு நல்லாத்தான் இருக்கு பாப்பா. சிலிண்டர்ல கேஸ் கம்மியா வருது போல" என்றேன். நாற்பது வருடத்தில் அடுப்பைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. அவள் உடனே நம்பினாள். அப்பா சொன்னால் அடுப்பு விஷயத்தில் மறுபேச்சு ஏது?

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பயிற்சியைத் தொடங்கினார். எனக்கு வேறு வேலை இல்லாததால் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

அவர் கேரட்டை எடுத்தார். தோல் சீவி, சாய்த்து வைத்து வெட்டத் தொடங்கினார். கத்தி பலகையை விட்டு மேலே எழும்பவே இல்லை. முனையை ஊன்றிக்கொண்டு பின்பாகம் மட்டும் ஏறி இறங்கியது. சத்தம் ஒரே சீராக வந்தது. நான் எழுந்து போய் ஒரு துண்டை எடுத்தேன். இன்னொன்றை எடுத்தேன். பத்துத் துண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பக்கவாட்டில் பார்த்தேன். என் பையில் இருக்கிற வாஷர் கட்டு மாதிரி இருந்தது. ஒன்றுகூட தடிப்பு இல்லை, ஒன்றுகூட மெலிவு இல்லை.

"என்ன மாமா, கணக்கு சரியா இருக்கா?"

"ம்" என்றேன். ஆனால் இது வேறு "ம்."

அடுத்து முட்டைக்கோஸ். எல்லாரும் உருண்டையைப் பிளந்து கண்டபடி கொத்துவார்கள். இவர் இலையிலையாகப் பிரித்தார். நடுவில் இருக்கிற தடித்த நரம்பைச் சீவி எடுத்தார். எட்டு இலையை அடுக்கினார். பிறகு அந்த அடுக்கை இரண்டு கையாலும் பிடித்து, நாலு பக்கமும் பலகையில் தட்டித் தட்டி ஓரம் சமன் செய்தார். காகிதக் கட்டை மெஷினுக்குள் விடுவதற்கு முன்பு அப்படித்தான் தட்டுவார்களாம். கோஸ் இலை காகிதம் இல்லை, சமமாகவும் இருக்காது. ஆனாலும் அவர் கையில் அது அடங்கிப்போய் உட்கார்ந்தது. பீன்ஸையும் அப்படியே காம்புப் பக்கம் ஒன்றாகச் சேர்த்துத் தட்டி, ஒரே வெட்டில் பதினைந்தை நறுக்கினார்.

நான் எத்தனையோ சமையலறைக்குள் போனவன். அடுப்பு பார்க்கிறவன் முன்னால் யாரும் வெட்கப்படமாட்டார்கள். அவர்கள் பாட்டுக்குச் சமைப்பார்கள். அத்தனை கையைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கையைப் பார்க்கவில்லை. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சின்னச் சின்னத் தட்டில் காய்களை வேகிற வரிசையில் வைத்தார். முதலில் கேரட், பிறகு பீன்ஸ், கோஸ், குடைமிளகாய், கடைசியில் வெங்காயத்தாள். பூண்டும் இஞ்சியும் தனியே. உப்பும் மிளகும் தனியே. பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்.

அங்கேதான் கதை கெட்டது. முதல் அரை நிமிடம் சட்டியில் சர்ரென்று நல்ல சத்தம் வந்தது. கோஸைப் போட்டதும் சத்தம் படுத்துவிட்டது. காய்கள் தண்ணீர் விட்டன. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் புளக், புளக் என்று ஏதோ சாக்கடை அடைத்த மாதிரி சத்தம். இறக்கும்போது அந்த அழகான துண்டெல்லாம் மழையில் நனைந்த நோட்டீஸ் மாதிரி துவண்டு கிடந்தது.

மாப்பிள்ளை ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார். பென்சிலை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஏதோ எழுதினார். அவர் குளிக்கப் போனதும் நான் போய்ப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். "ஞாயிறு. தண்ணீர் விட்டது. காரணம்: என் கை" என்று இருந்தது.

திங்கட்கிழமை காய்களைக் கழுவித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார். கொஞ்சம் தேவலை. ஆனால் தண்ணீர். காகிதத்தில்: "துடைத்தேன். இன்னும் தண்ணீர். காரணம்: என் கை."

செவ்வாய்க்கிழமை உப்பை முதலில் போடாமல் இறக்குகிற நேரத்தில் போட்டார். உப்புதான் தண்ணீரை இழுக்கிறது என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார். இன்னும் கொஞ்சம் தேவலை.

புதன்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாமல் பாதி பாதியாக வதக்கினார். சட்டியை மட்டும் ஆறு நிமிடம் காயவைத்துவிட்டுப் பிறகு எண்ணெய் விட்டார். முதல் பாதி ஏறக்குறைய வந்துவிட்டது. கேரட்டைக் கடித்தால் சத்தம் வந்தது. இரண்டாம் பாதியில் சட்டி சூடு பிடிக்கவில்லை. மறுபடியும் புளக், புளக்.

மகள் வந்து சாப்பிட்டாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாத. மொகமே சொல்லுது."

"சரி, ஆஸ்பத்திரிதானே? பல்லு இல்லாத நோயாளிக்குக் குடுத்துரலாம்."

"நர்சுங்களுக்குடி. அவங்க பல்லெல்லாம் ஸ்ட்ராங்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். "அண்ணே, சனிக்கிழமை காலைல கெளம்பி வந்துர்றேன்... ஆமா, அனேகமா வந்துருவேன்... நாளைக்கு மறுநாள் சாயங்காலம் உறுதியாச் சொல்றேன்ணே" என்று கிடங்குக்காரரிடம் பேசுவது கேட்டது.

காகிதத்தில் அன்றைக்கும் அதே கடைசி வரி. "காரணம்: என் கை." நாலு நாளாக அந்த மனிதர் தன் கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருந்தார். குற்றம் செய்த கை என் மடியில் சும்மா கிடந்தது.

அவர் போகட்டும் என்று நான் நினைத்திருக்கிறேனா? ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன். வேலை இல்லாத மாப்பிள்ளை பகலெல்லாம் வீட்டில் இருப்பது எந்த மாமனாருக்குப் பிடிக்கும்? ஆனால் நாலு நாள் அந்த வெட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் தோற்று, ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, ஒரு நாள்கூட அடுப்பைத் திட்டாத ஆளைப் பார்த்தேன். அடுப்பைத் திட்டாத வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நான் என் தொழிலில் கண்டதில்லை.

வியாழக்கிழமை காலை அவர் காய் வாங்கக் கீழே இறங்கினார். நான் பையைத் திறந்தேன். மாத்திரைப் புட்டியிலிருந்து பழைய ஜெட்டை எடுத்து, சின்னதைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினேன். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தேன். பற்றவைத்தேன். தீ நீலமாக, உஸ்ஸென்று, ஒரு சாண் அகலத்துக்கு நின்றது. அணைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டேன். சொல்லாமல் செய்தேன், சொல்லாமல் சரியும் செய்துவிட்டேன், முடிந்தது கதை என்று நினைத்தேன். கிழவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

அவர் வந்தார். வெட்டினார். துடைத்தார். வரிசையாக வைத்தார். சட்டியை அடுப்பில் வைத்து, முந்தின நாள் கண்டுபிடித்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெங்காயத்தாள் பக்கம் திரும்பினார். ஆறு நிமிடம். சின்ன ஜெட்டுக்கு அது சரியான கணக்கு. பெரிய ஜெட்டுக்கு இரண்டு நிமிடமே அதிகம்.

எனக்கு அது உறைத்தபோது சட்டியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிவிட்டது. "மாப்ள..." என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் எண்ணெயை விட்டுவிட்டார். குப்பென்று சட்டிக்குள் தீ ஏறியது. ஓரடி உயரம். ஜன்னல் திரை அந்தப் பக்கம் ஆடியது.

நாற்பது வருடத் தீக்காரன், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவின் கைதான் கண் முன்னால் வந்தது.

மாப்பிள்ளை கத்தவில்லை. தண்ணீரைத் தேடவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். இடது கையால் அடுப்பை அணைத்தார். வலது கையால் பெரிய மூடியை எடுத்து, தன் பக்கமிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளிச் சட்டியை மூடினார். பிறகு திரையைக் கம்பியோடு ஓரத்துக்கு ஒதுக்கினார். எல்லாம் ஒரு காகிதத்தைத் திருப்பிப் போடுகிற நிதானத்தில். தீ செத்தது.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார்.

என்னிடம் கேட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க கை இல்ல மாப்ள" என்றேன்.

"என்னது?"

"அந்தப் பேப்பர்ல எழுதி வச்சிருக்கீங்களே. உங்க கை இல்ல. என் கை." பையைத் திறந்து சின்ன ஜெட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை பொரித்தது, திரை ஆடியது, மகளிடம் சொன்ன பொய், காலையில் மாற்றியது. "உங்க கைல தீய நம்பிக் குடுக்க எனக்கு மனசு வரல. அதான்" என்றேன்.

அவர் ஜெட்டை விரலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"இம்மாத்தூண்டு ஓட்டையா மாமா என்ன அஞ்சு நாளா ஆட்டி வச்சிச்சு?"

"ஆமா."

"கேன்டீன்ல எந்த ஜெட் இருக்கும்?"

"பெருசுதான் இருக்கணும். ஆனா யாரு கண்டா? எவனாவது அரைகுறையாப் பாத்திருந்தா அடைப்பு இருக்கும். நான் யாரையும் நம்ப மாட்டேன்."

"அப்போ ரெண்டுலயும் பழகணும்" என்றார். சட்டியைக் கழுவத் தொடங்கினார். "நீங்க சின்னதப் போடுங்க. நான் வதக்குறேன். அப்புறம் பெருசப் போடுங்க. எதப் போட்டீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. தீயப் பாத்து நானே கண்டுபிடிக்கணும்."

இதை எந்தப் புத்தியுள்ள மனிதனாவது யோசிப்பானா? தன்னை ஏமாற்றியவனிடமே, மறுபடி ஏமாற்று, நான் கண்டுபிடிக்கிறேன் என்கிறார்!

அன்று பகல் முழுக்க அதுதான் வேலை. அவர் கூடத்தில் திரும்பி நிற்பார். நான் ஜெட்டை மாற்றுவேன். சில தடவை மாற்றுகிற மாதிரி சத்தம் போட்டுவிட்டு மாற்றாமல் விடுவேன். அவர் வந்து பற்றவைப்பார். தீயைக் குனிந்து பார்ப்பார், காதைச் சாய்த்துக் கேட்பார். சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார். சொட்டு உருண்டு ஓடினால் எண்ணெய், உட்கார்ந்து கொதித்தால் இன்னும் பொறுமை. கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சின்னத் தீ என்றால் ஒரு கைப்பிடி காய், பெரிய தீ என்றால் இரண்டு கைப்பிடி. சத்தம் படுக்கப் போகிறது என்று தெரிந்தால் காயைச் சட்டியின் ஓரத்துக்கு ஏற்றிவிட்டு, நடு இடம் சூடாகும் வரை நின்று, திரும்ப இறக்குவார். மூன்றாவது தடவையிலிருந்து ஒரு தட்டிலும் தண்ணீர் இல்லை. கேரட் கேரட் நிறத்தில், பீன்ஸ் முன்னைவிடப் பச்சையாக, கோஸ் ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவந்து. பூண்டு வாசனை படிக்கட்டு வரைக்கும் போய், கீழ்வீட்டுத் தையற்காரர் எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டு ஒரு தட்டு வாங்கிப் போனார்.

நாலாவது தடவை ஜெட்டை மாற்றிவிட்டு நான் நிமிர்ந்தபோது மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, ஆறு நிமிஷம்."

"எதுக்கு?"

"நீங்க கழட்டிப் பூட்டி, சோப்புத் தண்ணியும் தடவி முடிச்சதுக்கு. ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்வீங்களே."

"அது அவசரத்துக்குச் செஞ்சது. அதெல்லாம் கணக்குல வராது" என்றேன்.

மாலையில் மகள் வந்தாள். வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். "என்ன கருகின வாடை?" மாப்பிள்ளை ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. நானே சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களேப்பா. சிலிண்டர்னு சொன்னீங்க." எப்போதும் "நீ" என்று பேசுகிறவள், "நீங்க" என்றாள். "இவர் ராத்திரியெல்லாம் தூங்காம தன் கையையே பாத்துட்டு இருந்தார்ப்பா."

"விடு" என்றார் மாப்பிள்ளை.

அவள் விடவில்லை. ஆனால் அதற்குமேல் பேசவும் இல்லை. அன்று இரவும் மறுநாள் காலையும் என் முன்னால் தட்டு வந்தது, தண்ணீர் வந்தது, மாத்திரை வந்தது. பேச்சு வரவில்லை. அவள் சொன்ன அந்தச் சுவர் நானாகவே ஆகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை தன் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மகள் அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தாள். பஸ்ஸுக்கான பை கதவுக்குப் பக்கத்தில் பாதி அடுக்கி நின்றது. அவள் அதற்குள் ஒரு சட்டையை வைப்பாள், கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுப்பாள். நான் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முழங்காலோடு நான் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது.

மூன்று மணிக்கு வந்தார். இரண்டாம் மாடிக்கு இரண்டு இரண்டு படியாக ஏறி வந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"திங்கட்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க!"

மகள் அந்தப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சட்டைகளையெல்லாம் தரையில் கொட்டினாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க நான் திரும்பவில்லை. அது அவர்கள் சமாச்சாரம். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே கிடங்குக்காரருக்குப் போன் போட்டு, "மன்னிச்சிருங்கண்ணே, வரல" என்று சொல்லி முடித்தார். பிறகு அவளுக்கு நடந்ததை விவரிக்க ஆரம்பித்தார்.

"என்னோட சேத்து நாலு பேர். வரிசையா நாலு அடுப்பு. ஆனா தீயே இல்ல! எல்லாம் அழுது வடியுது. மத்த மூணு பேரும் மொத்தக் காயையும் ஒரே போடாப் போட்டாங்க. போட்டதும் புளக், புளக். நான் பாத்தேன், இது நம்ம மாமா ஜெட்டாச்சே! சட்டிய நல்லாக் காயவிட்டு, ஒரு ஒரு கைப்பிடியாப் போட்டு எடுத்தேன். அந்த மேனேஜரம்மா ஒரு பீன்ஸை எடுத்துக் கடிச்சாங்க. சத்தம் எனக்கே கேட்டுச்சு. 'இந்த அடுப்புல எப்படி வந்துச்சு?'ன்னு கேட்டாங்க. எங்க வீட்டு அடுப்பும் இப்படித்தாம்மான்னு சொன்னேன்." என்னைப் பார்த்தார். "நீங்க மட்டும் அந்த ஜெட்டப் போடலன்னா நானும் அந்த மூணு பேர்ல ஒருத்தன் மாமா."

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "பாத்தியாப்பா" என்றாள். "நீ"க்குத் திரும்பிவிட்டாள். "உன் தில்லுமுல்லும் ஒரு வேலைக்கு ஆகியிருக்கு."

எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"தீ என்ன நிறம் மாப்ள?" என்று கேட்டேன்.

"நிறமா?"

"நுனி மஞ்சளா இருந்துச்சா, முழுக்க நீலமா? மஞ்சள்னா காத்து அடைப்பு. நீலமாச் சிறுத்து எரிஞ்சா ஜெட் அடைப்பு."

"அவசரத்துல நான் கவனிக்கல மாமா."

கவனிக்கவில்லையாம். முந்தின நாள் பகல் முழுக்கத் தீக்கு முன்னால் குனிந்து நின்று, காதைச் சாய்த்து, நான் பொய்யாகச் சத்தம் போட்டாலும் கண்டுபிடித்த மனிதர். கேரட்டை வாஷர் மாதிரி வெட்டுகிற மனிதர். தீயின் நிறத்தைக் கவனிக்கவில்லையாம்.

"நாலு அடுப்புமே ஒரே மாதிரியா?"

"ஆமா மாமா."

"நாலு அடுப்பும் ஒரே நாள்ல ஒரே மாதிரி கெடாது."

"அப்பா!" என்றாள் மகள். "வேல கெடச்சிருக்கு. விசாரணைய நிறுத்து. சாப்பிடு."

மாப்பிள்ளை சமையலறைக்குள் போனார். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தை எடுத்துக் கசக்கிப் போட்டார். மிச்சமிருந்த காய்களை வெட்டிப் பெரிய தீயில் வதக்கி என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். பற்றவைத்ததிலிருந்து தட்டு வரைக்கும் ஒன்பது நிமிடம், நான் பார்த்தேன். நன்றாக இருந்தது. நன்றாக என்றால், என் வாயில் இருக்கிற பாதிப் பல்லுக்கும் அது வேலை கொடுத்தது. ஒவ்வொரு காயும் தன் ருசியைத் தானே வைத்துக்கொண்டிருந்தது. இந்தக் கைக்கு எந்த அடுப்பைக் கொடுத்தாலும் சோறு போடும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் எல்லாம் அந்தக் கேன்டீன் அடுப்பைப் பற்றித்தான். அது நிஜமாகவே அழுது வடிந்ததா, இல்லை, என் மகள் என்னோடு பேச வேண்டும் என்பதற்காக இவராகவே வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அதன் தீயைச் சின்னதாக்கினாரா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என்னைப் போலவே பொய் சொல்லக்கூடிய ஆள் என்று இதுவரைக்கும் எனக்குத் தோன்றியதில்லை.

"எப்படி இருக்கு மாமா?"

"பீன்ஸ் இன்னும் அரை நிமிஷம் இருந்திருக்கலாம்" என்றேன். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து, என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"எங்கப்பா கெளம்பிட்ட, இந்த முட்டிய வச்சிக்கிட்டு?"

"ஆஸ்பத்திரிக்கு."

"டாக்டர் திங்கட்கிழமைதானே வரச் சொன்னார்?"

"டாக்டரப் பாக்க இல்ல. அந்த அடுப்பப் பாக்க."

மாப்பிள்ளை பின்னாலிருந்து சிரித்தார். "பத்து நிமிஷம் நில்லுங்க மாமா, நானும் வரேன்."

பத்து நிமிடமாம். நான் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினேன்.